பெங்குயினுக்கு ஒத்துப்போன சிலேட்டு

பள்ளிக்கூடங்களுக்கு எதிரே இருக்கும் கடைகளில் படச் சார்ட்டுகளைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, பழங்கள், பறவைகள், வீட்டு விலங்குகள், நமக்கு உதவுவோர் என்று, அவற்றில் பல நான் வரைந்தவை. வரைந்தவர் பெயரை எங்கும் போடமாட்டார்கள். என்னைத் தெரியாமலேயே என் பப்பாளியையும் கொண்டலாத்தியையும் வெட்டி நோட்டில் ஒட்டியவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். எனக்கு அதில் ரகசியமாக ஒரு கர்வம் உண்டு.

கல்யாணமாகி மதுரையிலிருந்து கல்பாக்கம் குடியிருப்புக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கணவருக்கு அங்கே ஆராய்ச்சி வேலை. காலையில் ஆபீஸ் பஸ் வந்து ஆண்களை அள்ளிக்கொண்டு போய்விட்டால் தெருவில் காற்றும் காக்கையும்தான். சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை. செங்கல்பட்டில் சார்ட் அச்சடிக்கும் அச்சகம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, நாலைந்து ஓவியங்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அச்சக முதலாளி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"வாயப்பயம் வாயப்பயமாவே கீது. போதும்மா, இன்னிக்கே வேலைய எட்துகினு போ" என்றார்.

பத்து வருஷம் போஸ்டர் கலரும் தூரிகையுமாக ஓடியது. பிறகு அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. "இனிமே பெயிண்டு வாணாம்மா. கம்ப்யூட்டர்ல போட்டு சிடில குட்த்துடு. நெகட்டிவ் எடுக்கிற பேஜாரு வுட்டுச்சு" என்று ஒரே மூச்சில் என் தூரிகைகளுக்கெல்லாம் விடை கொடுத்துவிட்டார். நாங்களும் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்த கடைக்காரர், எங்கிருந்தோ நகல் எடுத்த சிஸ்டத்தையும் மென்பொருள்களையும் உள்ளே போட்டு அனுப்பினார். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். கூடவே வைரஸும் வந்திருக்கிறது. 'பட்டாம்பூச்சிகள்' சார்ட்டை முடித்து, சிடியில் ஏற்றலாம் என்று உட்கார்ந்த காலையில் ஒரு கோப்பையும் காணோம். ஒரு சிறகுகூட மிஞ்சவில்லை.

என் கணவர் கோபப்பட்டால் சத்தம் போடமாட்டார். சபதம் எடுப்பார். "இனிமேல் திருட்டு சிடி இந்த வாசல்படி ஏறக் கூடாது" என்றார். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸை ஏற்றினார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், யாரும் திருட்டு என்று சொல்ல முடியாது என்று ஒரு பிரசங்கம் வேறு நடந்தது. எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. ஆனால் அதன் அடையாளமான குண்டுப் பெங்குயினைப் பிடித்துப்போனது. அடுத்து வரைந்த 'பறவைகள்' சார்ட்டில், மயிலுக்குப் பக்கத்தில் கேட்காமலேயே ஒரு பெங்குயினைச் சேர்த்தேன். அச்சக முதலாளி கண்டுகொள்ளவில்லை.

இந்த ஏற்பாட்டில் இடித்தது என் கைதான். மவுஸால் படம் வரைவது சோப்புக் கட்டியால் கோலம் போடுவது போல. ஒரு மீன் செதிலுக்கு வளைவு கொண்டுவர மணிக்கட்டை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும், அழிக்க வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும். முதலில் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். பிறகு விரல்கள் மரத்தன. ஒரு நாள் காபி டம்ளர் தானாகக் கையிலிருந்து நழுவி விழுந்தபோது உண்மையிலேயே பயந்துபோனேன். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. சமையல் சுமார், கோலம் சுமார், பாட்டு வராது. வரைவதுதான் நான் என்று அன்றுவரை இருந்தேன்.

செங்கல்பட்டில் எலும்பு டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேனா புடிச்சு எழுதினா வலிக்குதா?"

"இல்லை டாக்டர். மவுஸ் பிடித்தால்தான்."

"அப்ப மவுஸ விட்டுடுங்க. இப்படியே போனா ஆபரேஷன்ல போய் நிக்கும்."

"என் வேலையே கம்ப்யூட்டரில்தான்."

"கம்ப்யூட்டருக்குப் பேனா கிடையாதா?"

"இருக்கா டாக்டர்?"

"என்னைக் கேட்டா? வீட்ல யாராவது கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க இல்லியா?" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் அன்று மாலையே தேட ஆரம்பித்தார். பேனா இருந்தது. கூடவே ஒரு தட்டையான பலகையும். பலகையின் மேல் பேனாவால் வரைந்தால் திரையில் கோடு விழும்; அழுத்தினால் தடிக்கும், தளர்த்தினால் மெலியும். கடைக்காரர்கள் அதை கிராபிக்ஸ் டேப்லெட் என்றார்கள். எங்கள் வீட்டில் அது முதல் நாளிலிருந்தே சிலேட்டு.

சிலேட்டு கிடைப்பது பிரச்சினை இல்லை. பெங்குயினுக்கு ஒத்துப்போகிற சிலேட்டு கிடைப்பதுதான் பிரச்சினை. எந்தக் கருவியையும் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ள டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். கம்பெனிக்காரர்கள் ஊரெல்லாம் வைத்திருக்கும் சிஸ்டத்துக்கு அதை எழுதிப் பெட்டியிலேயே போட்டுவிடுவார்கள். லினக்ஸுக்கு யாராவது ஒரு புண்ணியவான் அதே சிலேட்டைத் தன் வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. பெட்டியின் மேல் லினக்ஸ் என்ற சொல்லே இருக்காது. ஒரே பெயரில் வரும் இரண்டு பெட்டிகளில் உள்ளே இருக்கும் சில்லு வேறு வேறாக இருக்குமாம். பக்கத்து வீடுகளில், "பேசாம பழைய சிடியையே போட்டுக்கோங்க, யார் வந்து பார்க்கப் போறாங்க" என்றார்கள். பட்டாம்பூச்சிகளை நினைத்துக்கொண்டு நானே வேண்டாம் என்றேன். சபதத்தில் நானும் சேர்ந்துகொண்டதாக அவருக்கு ஒரே பெருமை.

இணையத்தில் லினக்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கொள்ளும் மடலாடற் குழுவில் கேட்டுப் பார்த்தார். டெலிபோன் வயரில் இணையம் கீச்சிட்டுக்கொண்டு வந்த காலம் அது. பிரேசிலிலிருந்து ஒருவர் அக்கறையாகப் பதில் எழுதினார். கம்பெனி பெயரைப் பார்க்காதே, மாடல் எண்ணைப் பார். புதிதாக வந்ததை வாங்காதே, கொஞ்சம் பழைய மாடலாக வாங்கு, அதற்குத்தான் டிரைவர் எழுதி முடித்திருப்பார்கள். முடிந்தால் கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்கு. கடைசி வரி என் கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றாமல் சிடியிலிருந்தே ஓடும் லினக்ஸ் ஒன்று உண்டு. அந்த சிடியையும், சிலேட்டுக்கான அமைப்புக் கோப்பு ஒன்றை எழுதி வைத்த ப்ளாப்பியையும் பையில் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை செங்கல்பட்டு போய் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துச் சென்னைக்குப் போனோம்.

முதல் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் பளபளவென்று சிலேட்டு இருந்தது. என் கணவர் பையிலிருந்து சிடியை எடுத்ததும் கடைக்காரர் முகம் மாறியது.

"இன்னா சார் இது? தட்டிப் பாத்து வாங்கறத்துக்கு இது இன்னா தேங்காயா?"

"உங்க மெஷின்ல எதையும் மாத்தாது. சிடியை எடுத்துட்டா பழையபடி ஆயிடும்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லிகினு வர்றாங்க" என்று முனகியபடியே விட்டார். நான் நின்ற நிலையில்தான் மனம் இரங்கியிருக்க வேண்டும். மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தேன். சிடி சுற்றியது, பெங்குயின் வந்தது, பேனாவை வைத்தேன். திரையில் அம்பு அசையவே இல்லை. ப்ளாப்பியைப் போட்டும் அசையவில்லை. "தெரியும். புது மாடல்" என்று என் கணவர் சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்துக்காக அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

மூன்றாவது கடையில், விற்காத பிரிண்டர்களுக்கு அடியிலிருந்து தூசி தட்டி ஒரு பெட்டியை உருவினார்கள். "பயசு சார். ரொம்ப நாளா இந்த மூலைலயே குந்திகினு கீது. ஒண்ணுதான் மிச்சம்" என்று தயங்கினார் கடைக்காரர். பழசு என்ற சொல்லுக்கு ஒருவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. சிடி, ப்ளாப்பி, நாலு கட்டளை, திரை ஒருமுறை இருண்டு வெளுத்தது. என் கணவர் பேனாவை என்னிடம் நீட்டினார். மெதுவாக ஒரு கோடு இழுத்தேன். ஊசியாகத் தொடங்கி, அழுத்த அழுத்தத் தடித்து, விட்டதும் மெலிந்து முடிந்தது. தூரிகை போட்ட கோடு. யோசிக்காமலே ஒரு வால், ஒரு துடுப்பு, ஒரு கண் என்று போட்டுக்கொண்டே போனேன்.

"அட, வவ்வா மீனு!" என்றார் கடைக்காரர்.

மணிக்கட்டு வலிக்கவில்லை. திரும்பி வரும்போது ட்ரெயினில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு வரை ஜன்னலையே பார்த்து வந்தேன், கண் கலங்கியது அவருக்குத் தெரியக் கூடாது என்று.

அந்த வருஷம் அச்சகத்தில் 'நம் கடல் மீன்கள்' என்று பெரிய சார்ட் கேட்டிருந்தார்கள். பக்கத்திலிருக்கும் சதுரங்கப்பட்டினத்தில் மீன் வாங்கி வந்து, தட்டில் பரப்பி, முதலில் படம், பிறகு குழம்பு. மீன்காரம்மாவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. "இன்னாம்மா, நேத்து குட்த்த சங்கராவ வரைஞ்சியா, துன்னியா?" என்று தெருவே கேட்கச் சிரிப்பார். சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, காரப்பொடி, திருக்கை என்று வரிசையாக வந்துகொண்டிருந்தன. விரல் மரப்பது நின்றது. பட்டையைக் கழற்றி அலமாரியில் போட்டேன். பூஜை விடுமுறை முடிந்ததும் சிடி கொடுப்பதாகப் பேச்சு. சுறா ஒன்றுதான் பாக்கி.

சரஸ்வதி பூஜை வந்தது. அதற்கு முந்தின நாள் என் கணவர் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினார். பூஜையில் வைக்கும் பொருள் புதுசாக இருக்க வேண்டாமா என்பது அவர் நியாயம். ஆயுத பூஜையை எங்கள் வீட்டில் அவர்தான் செய்வார். ஆபீஸில் ராட்சச இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பழகிய கை. சைக்கிள், தையல் மெஷின், அரிவாள்மணை, மிக்ஸி, கம்ப்யூட்டர் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை தொடக் கூடாது. ஆயுதங்களுக்கு அது ஓய்வு நாள். நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். கரண்டிக்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுப்பதில்லை.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு, சுறாவைத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன். பேனாவைப் பலகைப் பக்கம் கொண்டுபோனேன், அவ்வளவுதான். தொடுவதற்கு முன்பே திரையில் தடித்த கோடு ஒன்று கிழித்துக்கொண்டு போனது. கையை எடுத்தால் நின்றது. மறுபடி கிட்டே போனால் மறுபடி கோடு. ஒரு விரற்கடை உயரத்தில் பேனாவை அந்தரத்தில் பிடித்தாலே வரைந்து தள்ளியது. திருக்கையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கோடு.

"புதுப் பதிப்போட வேலை. டிரைவர் மாறியிருக்கும், அழுத்தத்தைத் தப்பாப் புரிஞ்சுக்குது. பழசுக்குத் திரும்பிடலாம்" என்றார். நிதானமாகத்தான் சொன்னார். மத்தியானத்துக்குள் பழைய பதிப்பை ஏற்றினார். அதே கோடு. அமைப்புக் கோப்பில் எண்களை மாற்றினார். அதே கோடு. கடைக்கு எடுத்துப் போன சிடியையே போட்டுப் பார்த்தார். அதிலும் அதே கோடு. அதைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அப்ப சிலேட்டே போயிருச்சுன்னு நினைக்கிறேன்."

அந்த மாடல் அந்தக் கடையில் ஒன்றுதான் இருந்தது. வேறு எங்கும் இல்லை என்று போன் போட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டோம். புதிய மாடல்களுக்கு டிரைவர் வர இன்னும் எத்தனை காலமோ. அச்சக முதலாளிக்கும் போன் செய்து தாமதமாகும் என்றேன். "அதுக்கு இன்னாம்மா, முடியலன்னா சொல்லிடு. மெட்ராஸ்ல ஒரு பையன் போட்டுத் தர்றேங்கறான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். இரண்டு நாள் மவுஸைப் பிடித்துச் சுறாவை இழுத்துப் பார்த்தேன். பட்டை மறுபடி மணிக்கட்டுக்கு வந்தது. மூன்றாவது செவுள் பிளவு போடும்போது விரல் மரத்துவிட்டது. மவுஸைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல ஆத்திரம். பெங்குயின் மேல், சபதத்தின் மேல், பிரேசில்காரர் மேல், எல்லார் மேலும் ஆத்திரம். நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை.

திருக்கையின் மேல் கிழித்த கோடுகளையாவது அழித்துவிட்டுச் சிலேட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிடலாம் என்று கடைசியாக எடுத்தேன். அந்தப் பேனாவின் பின்பக்கம் ரப்பர் மாதிரி. தலைகீழாகத் திருப்பித் தேய்த்தால் வரைந்தது அழியும். பழக்கதோஷத்தில் திருப்பித் தேய்த்தேன். அழிந்தது. தொட்ட இடத்தில் மட்டும் அழிந்தது. தூக்கினேன், நின்றது. மெல்லத் தேய்த்தால் மெல்ல அழிந்தது.

பின்பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் சிலேட்டு சாகவில்லை. டிரைவரும் சரியாகத்தான் இருக்கிறது. முன்பக்கத்துக்கு மட்டும் என்ன கேடு?

பேனாவை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதன் நுனியில், நிப்பு மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் முள் நுழையும் துளையைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம். மூக்கருகே வைத்தேன். எங்கள் பூஜை அறையே அதில் மணந்தது.

புருவம் திருத்தும் இடுக்கியால் முள்ளைப் பிடித்து இழுத்தேன். அது உள்ளே அழுந்தி இறுகிப் போயிருந்தது. கெஞ்சிக் கெஞ்சி ஆட்டியதில் வந்தது, பின்னாலேயே காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அழுந்திய முள், பேனா எப்போதும் அழுத்தப்படுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பேனா பாவம், தன் கடமையைச் செய்திருக்கிறது. பஞ்சைத் திரித்து ஸ்பிரிட்டில் நனைத்துத் துளையைத் துடைத்தேன். காயவிட்டு, முள்ளைச் சொருகி, பேனாவைப் பலகைக்கு மேலே அந்தரத்தில் பிடித்தேன்.

கோடு விழவில்லை.

தொட்டேன். விழுந்தது. ஊசியாகத் தொடங்கி, தடித்து, மெலிந்தது. யாரும் இல்லாத வீட்டில் நான் சத்தமாக அழுதேன். துக்கத்துக்கு அப்படி அழுததாக நினைவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து சுறாவுக்குச் செவுள் பிளவுகளைப் போட ஆரம்பித்தேன்.

மாலையில் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், திரையில் முழுச் சுறாவைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். காகிதத்தில் மடித்து வைத்திருந்த சந்தனப் பொடியைக் காட்டினேன்.

"எல்லாத்துக்கும் உடம்புல பொட்டு வெச்சீங்க. பேனாவுக்கு மட்டும் ஏன் மூக்குல வெச்சீங்க?"

"உடம்பு ரப்பர். பொட்டு ஒட்டலை" என்றார். பிறகு, "எது வேலை செய்யுதோ அங்கதானே வைக்கணும்? அரிவாள்மணைக்குக்கூட அலகுலதான் வெச்சேன். பன்னீர் விட்டுக் கொஞ்சம் தண்ணியாக் குழைச்சிட்டேன் போல" என்றார். திடீரென்று முகம் பளிச்சென்றது. "அப்ப லினக்ஸ் மேல தப்பே இல்லை!"

என் கை பிழைத்ததற்கு நான் அழுதிருக்கிறேன், மனிதருக்குப் பெங்குயின் பிழைத்ததில் ஆனந்தம். ஆனால் சந்தோஷம் சந்தோஷம்தான். இருவரும் சிரித்தோம்.

சிக்கல் என்னவென்றால், விஜயதசமி அன்றே மடலாடற் குழுவில் புதிய பதிப்பைப் பற்றி நீளமாகப் புகார் எழுதியிருந்தார். பிரேசில்காரர் தன் சிலேட்டை வைத்து இரண்டு நாளாகச் சோதித்துக்கொண்டிருந்தாராம். இப்போது சந்தனத்தை ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருநாள் கருவிகளைக் கும்பிடுவோம், அப்போது நறுமணக் கட்டையை அரைத்துப் பூசுவோம் என்று வியர்க்க வியர்க்க எழுதி அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. இப்படி ஒரு பிழையை இதுவரை யாரும் அனுப்பியதில்லை, பூசினால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடும் என்றால் எங்களுக்கும் கொஞ்சம் அனுப்பவும் என்று.

மீன் சார்ட் தீபாவளிக்கு முன்பே அச்சாகிவிட்டது. அச்சக முதலாளி சுறாவைப் பார்த்துவிட்டு, "கடிச்சுடும் போல கீதும்மா" என்றார். மெட்ராஸ் பையனைப் பற்றிப் பிறகு அவர் பேசவே இல்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு வந்தார். சைக்கிள், தையல் மெஷின், மிக்ஸி, கம்ப்யூட்டர் எல்லாம் ஆயிற்று. பேனா எங்கே என்று பார்த்தார். முதல் நாளே அதை என் புடவைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தேன். கிண்ணத்தோடு அடுப்படிக்கு வந்து, வடை மாவில் இருந்த என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, பட்டை கட்டியிருந்த அதே இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். சந்தனம் சில்லென்று இருந்தது. அதன் மேல் குங்குமமும் வைத்தார்.

அதற்காக விட்டுவிட முடியுமா? நான் மதுரைக்காரி.

"பூஜையில வெச்சதை நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாதே" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவாமல் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் வடையை அவர்தான் சுட்டார்.